கிளம்பாத கப்பல்

எங்க அத்தானுக்குக் கோளரங்கத்துல வச்ச பேரு நிதானம். பாராட்டி வச்ச பேருன்னு நினைச்சுடாதீங்க, பொறுமை போய் வச்ச பேரு. ஒரு திருகாணியை முடுக்கணும்னா முதல்ல அதைக் கழட்டுவாரு, துணியால துடைப்பாரு, வெளிச்சத்துல காட்டித் திருப்பித் திருப்பிப் பாப்பாரு, அப்புறம் தன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி அதையும் துடைப்பாரு, அதுக்கப்புறம்தான் முடுக்குவாரு. ரோட்டைக் கடக்க நின்னா பச்சை விழுந்தது போதாது, இன்னொரு தடவை விழட்டும்னு நிப்பாரு. இப்படிப்பட்ட மனுஷனைக் கூப்பிட்டு, ஒளியோட வேகத்துக்குப் பக்கத்துல ஒரு கப்பல் போனா உள்ள இருக்கறவனுக்கு வானம் எப்படித் தெரியும்னு ஒரு காட்சி பண்ணுய்யான்னு மேனேஜர் சொன்னப்போ, நான் டிக்கெட் கவுன்ட்டருக்குள்ளயே விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அந்த டிக்கெட் கிழிக்கிற வேலை எனக்கு அவர் வாங்கிக் குடுத்ததுதான். அதனால அவரைத் திட்டற உரிமை எனக்குக் கொஞ்சம் கம்மி. ஆனா அக்காவோட தங்கச்சிங்கற உரிமை இருக்கே, அது அதைவிடப் பெரிசு. அந்த உரிமையிலதான் இதைச் சொல்றேன்.

அவர் அங்க இருக்கைக்கு உறை மாத்தற வேலைக்கு வந்தவரு. அரங்கம் வட்டமா இருக்கும், மேல கூரை கிண்ணத்தைக் கவுத்து வச்ச மாதிரி வெள்ளையா இருக்கும். இருக்கையெல்லாம் பின்னால சாயும். நடுவுல வானத்தைக் காட்டற கருவி, உடம்பெல்லாம் லென்ஸ். கடைசி வரிசைக்கும் பின்னால சில படி ஏறினா கட்டுப்பாட்டு மேசை. ஒரு நாள் மெக்கானிக் வரல, லென்ஸைத் துடைக்க ஆள் இல்லைன்னு இவரைக் கூப்பிட்டாங்க. காலையில துடைக்க ஆரம்பிச்சவரு சாயங்காலம் வரைக்கும் துடைச்சாரு. திட்டப் போன மேனேஜர் அன்னைக்குக் காட்சியைப் பாத்துட்டு வாயை மூடிகிட்டாரு. அதோட உறை மாத்தற வேலை போயி லென்ஸ், விளக்கு, கருவி எல்லாம் இவர் கைக்கு வந்துடுச்சு.

அக்காவை அவர் பாத்த கதை எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். அக்கா அப்ப துணி மில்லுல சாயம் பொருத்தற பிரிவுல வேலை பாத்தா. மாதிரித் துண்டும் சாயத்துல முக்கின துண்டும் ஒரே நிறமான்னு கண்ணால பாத்துச் சொல்ற வேலை. மத்தவங்களுக்கு ஒண்ணாத் தெரியற ரெண்டு நீலத்தை, இது காலையில முக்கினது, இது மத்தியானம் முக்கினதுன்னு பிரிச்சு வைப்பா. கோளரங்க வாசலுக்குக் கறுப்புத் திரை வேணும்னு அத்தான் மில்லுக்குப் போனாரு. அஞ்சாறு கறுப்பை எடுத்துப் போட்டாங்க. எல்லாம் கறுப்புதானேன்னு அவர் முழிக்கறப்போ, பக்கத்து மேசையில இருந்த அக்கா தலையைக்கூட முழுசாத் தூக்காம, அதுல பாதி கறுப்பே இல்ல, இது பழுப்பு, இது கரும்பச்சை, இருட்டுல வெளுத்துக் காட்டிக் குடுத்துடும்னு சொன்னா. அவர் திரையை வாங்கிட்டுப் போயிட்டாரு. மறுவாரம் ஒரு சந்தேகம்னு வந்தாரு. அதுக்கு மறுவாரமும் ஒரு சந்தேகம். ஒரு கறுப்புத் துணியில மனுஷனுக்கு எவ்வளவு சந்தேகம்தான் வரும்? எங்க அம்மா ஆளைக் கூப்பிட்டு, பொண்ணைக் கட்டிக்கறீங்களான்னு நேராவே கேட்டுட்டாங்க.

அன்னையிலேர்ந்து அவருக்கு அக்கா கண்ணு ஒண்ணுதான் கண்ணு. மத்தவங்க முகத்துல இருக்கறதெல்லாம் சும்மா ஓட்டை. விளக்கு மாத்தினா அக்கா வந்து பாக்கணும். லென்ஸ் மாத்தினா அக்கா வந்து பாக்கணும். அக்கா சரின்னு சொன்னாத்தான் காட்சி மக்களுக்குப் போகும். மில்லுல அவளுக்கு ஓய்வு குடுத்த பிறகு இது வாரா வாரம் நடக்கற விஷயம் ஆயிடுச்சு. கோளரங்கத்துக்கு வார விடுமுறை அன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பாட்டை டப்பாவுல போட்டுகிட்டுக் கிளம்பிடுவாங்க. பிள்ளை குட்டி இல்லாத வீடு. வானத்தைத்தான் வளத்தாங்க.

ஒளி வேகக் கப்பலுக்குக் கணக்கெல்லாம் போட்டுக் குடுக்க ஒரு பேராசிரியை வந்தாங்க. குள்ளமா, சுறுசுறுப்பா, பேசறப்போ சாக்பீஸ் இல்லாத கையால காத்துல எழுதிகிட்டே இருப்பாங்க. அவங்க சொன்னதை அத்தான் வீட்டுல வந்து எங்களுக்குச் சொன்னாரு. சினிமாவுல காட்டற மாதிரி நட்சத்திரமெல்லாம் கோடு கோடா ஓடாதாம். மழையில வேகமா ஓடினா, நேரா மேலேர்ந்து விழற மழைகூட மூஞ்சியிலதானே வந்து அடிக்குது, அது மாதிரிதானாம் வெளிச்சமும். வேகம் ஏற ஏறப் பக்கவாட்டுல இருக்கற நட்சத்திரமெல்லாம் முன்னால நகரும். பின்னால விட்டுட்டு வந்ததுகூட மெல்ல மெல்ல முன்பக்கமா வரும். கடைசியில மொத்த வானமும் கையை நீட்டிப் பிடிச்ச ஒரு சின்னத் தட்டு அளவுக்கு எதிர்ல வந்து குவிஞ்சுடும். சுத்தி எல்லாம் இருட்டு. அந்தத் தட்டுல இருக்கற வெளிச்சம் பளீர்னு ஏறி, நிறம் நீலத்துக்குப் போகும். பின்னால மிச்சம் மீதி இருக்கறது செவந்து மங்கிப் போகும்.

அக்கா அரிசியில கல் பொறுக்கிகிட்டே கேட்டுகிட்டு இருந்தா. அப்ப நாம கடந்து வந்தது நமக்கு முன்னாலதான் தெரியுமான்னு கேட்டா. ஆமாம்மா, போகப் போறதுன்னு நினைப்போம், ஆனா தாண்டி வந்ததாத்தான் இருக்கும்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு, கப்பல்ல போறவனோட கடிகாரம் மெதுவா ஓடுமாம், அவனுக்குக் கொஞ்ச நேரம், வீட்டுல இருக்கறவங்களுக்கு வருஷக்கணக்காம். அதுக்குக் கப்பல் எதுக்கு, நீங்க குளிக்கப் போனாலே அப்படித்தானே நடக்குதுன்னு அக்கா சொன்னா. நான் சிரிச்ச சிரிப்புல பொறுக்கின கல்லெல்லாம் திரும்ப அரிசிக்குள்ளயே போயிடுச்சு.

மேனேஜருக்கு மட்டும் இந்தத் தட்டு பிடிக்கவே இல்ல. ஜனங்க கோட்டைப் பாக்கத்தான் வருவாங்க, விர்ருனு நாலு கோடு விடுய்யான்னு நச்சரிச்சாரு. அத்தான் எதிர்த்துப் பேச மாட்டாரு. தலையை ஆட்டிட்டுத் தன் வேலையைத் தன் இஷ்டத்துக்குச் செய்வாரு. அவரை அசைக்க யாராலயும் முடியாது, அதுக்குத்தான் அந்தப் பேரே.

காட்சியைச் சரிபாக்கறதுக்கு அவர் ஒரு முறை வச்சிருந்தாரு. இந்த முறையைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, எங்க குடும்பத்தோட தலையெழுத்தே அதுலதான் இருக்கு. கப்பல்ல போறவன் முன்னாலதானே பாப்பான்? அதனால கூரையில எதிர்ப்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி விழும். பாக்கறவங்க அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, கழுத்தைத் திருப்பக் கூடாது. அப்படியே பாத்துகிட்டு, ஓரத்துல என்ன தெரியுதுன்னு சொல்லணும். திரும்பிப் பாத்தா எல்லாம் தெரியத்தான் செய்யும், அது ஏமாத்து வேலைன்னு சொல்வாரு. இந்தச் சோதனையில என்னால நிக்கவே முடியாது. எனக்குக் கழுத்து ஒரு இடத்துல நின்னதா சரித்திரமே இல்ல. அக்கா அப்படி இல்ல. மில்லுல மாதிரித் துண்டு மேல கண்ணை வச்சா மணி அடிக்கற வரைக்கும் எடுக்காதவ. புள்ளியைப் பாருன்னா புள்ளியைத்தான் பாப்பா.

நிறத்துல அவ சொன்னதெல்லாம் அப்படியே பலிச்சுது. முன்னால குவியற நீலத்துல ஊதா கலந்திருக்குன்னு சொன்னா. பேராசிரியை கணக்கைத் திருப்பிப் பாத்துட்டு, ஆமாம், நான்தான் ஒரு இடத்துல விட்டுட்டேன்னு சிரிச்சுகிட்டே ஒத்துகிட்டாங்க. அத்தானுக்குப் பெருமை தாங்கல. அன்னைக்கு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னாரு, டிக்கெட் வாங்க வந்தவங்களைக்கூட விடல.

அதுக்கப்புறம்தான் அக்கா ஒரு நாள், ஓரத்துல நட்சத்திரம் கம்மியா இருக்கேன்னு சொன்னா.

அவர் ஓர விளக்கை மாத்தினாரு. அக்கா பாத்துட்டு, கொஞ்சம் தேவலைன்னா, மனுஷன் சிரமப்பட்டிருக்காரேன்னு சொல்லியிருப்பா. அடுத்த மாசமே திரும்பக் கம்மி. லென்ஸைக் கழட்டித் துடைச்சாரு. சாரம் கட்டி ஏறிக் கூரையவே துடைச்சாரு. வேற விளக்கு வரவழைச்சாரு, வந்தது மட்டம்னு விளக்குக்காரனோட ஃபோன்ல மல்லுக்கு நின்னாரு. வாழ்க்கையில யார்கிட்டயும் குரல் உசத்தாதவரு, அவன்கிட்ட உசத்தினாரு. நான் போய் உக்காந்து பாத்து, அத்தான், ஓரத்துல எள்ளு போட இடமில்லாம நட்சத்திரம் கிடக்குதுன்னு சொன்னேன். நீ கழுத்தைத் திருப்பியிருப்ப சின்னவளேன்னாரு. மேனேஜர் பாத்து, எல்லாம் இருக்குன்னாரு. அவரும் திருப்பியிருப்பாராம். துப்புரவு பண்ற அம்மாவைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன், அவங்களும் இருக்குதுன்னாங்க. ஊரே கழுத்தைத் திருப்புது, எம் பொண்டாட்டி ஒருத்திதான் நேரா பாக்கறாங்கற முடிவுக்கு வந்துட்டாரு மனுஷன். நான் என்ன பண்ணுவேன்? சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

காட்சி திறக்கற தேதி தள்ளித் தள்ளிப் போச்சு. மேனேஜர் மேலிடத்துல வாங்கின பேச்சை வட்டியோட கொண்டுவந்து இவர் மேல கொட்டினாரு. இவர் கேட்டுகிட்டே நிப்பாரு. அவர் போனதும் விளக்கைக் கழட்டுவாரு.

வீட்டுல என்ன நடந்துதுன்னா, அக்கா கதவு நிலையில தோளை இடிச்சுக்க ஆரம்பிச்சா. மேசை ஓரத்துல இருக்கற தம்ளரைத் தட்டிவிடுவா. தெருவுல பக்கத்துல வந்து சிரிச்சவங்களைப் பாக்காம போயிட்டா, அவளுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சுன்னு பேசிகிட்டாங்க. வலின்னு ஒரு நாள் சொன்னதில்ல. நூலை எடுத்து ஊசியில முதல் தடவையிலேயே கோப்பா. தூரத்துல வர்ற பஸ் நம்பரைப் படிப்பா. அந்தக் கண்ணை யாரு சந்தேகப்படுவா? வர வர கவனமே இல்லாம போச்சுன்னு அவளே தன்னைத் திட்டிகிட்டா. அத்தான் மேசையைச் சுவரோரமா நகத்திப் போட்டாரு. நிலைக்குத் துணி சுத்தினாரு. அவ்வளவு அக்கறை. அந்த அக்கறையை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

கடைசியில ஒரு விடுமுறை நாள் பேராசிரியை வந்தாங்க. முழுக் காட்சியும் ஒரு தடவை பாத்துட்டு நான் கையெழுத்துப் போட்டுடறேன், இதுக்கு மேல தள்ள வேண்டாம்னு சொன்னாங்க. அக்காவுக்குப் பக்கத்துல அவங்க உக்காந்தாங்க, அவங்களுக்குப் பக்கத்துல நான். அத்தான் மேல மேசையில இருந்தாரு. விளக்கெல்லாம் அணைஞ்சுது. கூரை பூரா நட்சத்திரம் வந்துது, எதிர்ல சிவப்புப் புள்ளி விழுந்துது. அத்தான் மைக்குல, ஆரம்பிக்கலாமான்னு கேட்டாரு.

அக்கா புள்ளியைப் பாத்தபடியே சொன்னா, "பாத்தீங்களா மேடம், இதைத்தான் சொல்றேன். இப்பவே எல்லாம் நடுவுல வந்து குவிஞ்சுடுது. சுத்தி ஒண்ணுமே இல்ல. இவ்வளவு வேகம் எடுத்த உடனே வந்துடுமா?"

பேராசிரியை கூரையைப் பாத்தாங்க, அப்புறம் இருட்டுலயே அக்கா பக்கம் திரும்பினாங்க. கையைத் தூக்கி அக்கா காதோரமா விரலை ஆட்டினாங்க. அக்கா அசையல. விரலை மெல்ல மெல்ல முன்னால கொண்டுவந்தாங்க. கன்னத்தைத் தாண்டி, மூக்குக்கு நேரா கிட்டத்தட்ட வந்த பிறகுதான் அக்கா, என்ன மேடம்னு கேட்டா.

"கப்பல் இன்னும் கிளம்பவே இல்லையேம்மா"ன்னாங்க பேராசிரியை. சின்னக் குரல்லதான் சொன்னாங்க. ஆனா அந்தக் கூரைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, கீழ முணுமுணுத்தா மேல மேசைக்குத் தெளிவாக் கேக்கும். மைக்குல அத்தான் மூச்சு விடற சத்தம் வந்துகிட்டே இருந்துது.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு இயந்திரத்துல முகத்தை வைக்கச் சொன்னாங்க. அங்கயும் நடுவுல ஒரு புள்ளி, அதையே பாருங்க, ஓரத்துல வெளிச்சம் தெரிஞ்சா பட்டனை அழுத்துங்கன்னாங்க. அத்தான் சோதனை மாதிரியேதான், அச்சு அசல். அக்கா பட்டன் மேல விரலை வச்சுகிட்டு அழுத்தாமலே உக்காந்திருந்தா. அத்தான் சுவரைப் பாத்துத் திரும்பிகிட்டாரு.

டாக்டர் நல்ல மனுஷன், அவசரப்படாம சொன்னாரு. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னிருக்காம். இது வலிக்காதாம். ஓரத்துலேர்ந்து உள்ள வருமாம். நடுவுல பளிச்சுனு தெரியறதால ஆளுக்குத் தெரியவே தெரியாதாம். போனது போனதுதான், திரும்ப வராது. சொட்டு மருந்து போட்டு, தேவைப்பட்டா ஆபரேஷன் பண்ணி, இருக்கற கொஞ்சத்தை நிறுத்தி வைக்கப் பாக்கலாம், ஆனா இவ்வளவு தூரம் வந்த பிறகு உறுதி சொல்ல முடியாதுன்னாரு. எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேட்டாரு. அக்கா, தெரியலைங்களே, நான் கவனிக்கலைன்னா.

"மூணு வருஷமா இருக்கு டாக்டர்"னாரு அத்தான். "அப்பத்தான் நான் முதல் விளக்கை மாத்தினேன்."

டாக்டருக்குப் புரியல. யாரும் விளக்கிச் சொல்லவும் இல்ல. அப்பவே வந்திருந்தீங்கன்னான்னு ஆரம்பிச்சவரு, அத்தான் முகத்தைப் பாத்துட்டு நிறுத்திகிட்டாரு.

வெளிய நடையில வச்சு நான் அவரை விட்டேனா? வாய்க்கு வந்தபடி பேசினேன். போறவங்க வர்றவங்க நின்னு பாத்தாங்க, பாக்கட்டும்னு பேசினேன். விளக்கை மாத்தினீங்க, லென்ஸை மாத்தினீங்க, கூரையைக் கழுவினீங்க, ஒரே ஒரு தடவை அவ கண்ணை ஒருத்தர்கிட்ட காட்டணும்னு தோணலையான்னு கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. துடைச்சதையே துடைச்சுகிட்டிருந்தாரு.

"அவ சொன்னது எல்லாமே சரிதான் சின்னவளே"ன்னாரு. "ஒரு வார்த்தைகூட அவ தப்பா சொல்லல. நான்தான் அதை வானத்துல தேடிட்டேன்."

பொண்டாட்டி பேச்சைக் காதுல வாங்காத ஆம்பளைங்களைத் திட்டறதுக்கு என்கிட்ட நெறைய வார்த்தை இருக்கு. காதுல வாங்கின ஆளை எப்படித் திட்டறது? அவ சொன்னதை நம்பாம, உனக்குக் கண்ணு சரியில்லைடின்னு ஒரு நாள் எரிஞ்சு விழுந்திருந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். அந்தப் பாழாப்போன மரியாதை இல்லாத புருஷனா இருந்திருந்தா அக்காவுக்குக் கண்ணு இருந்திருக்கும். இதை நினைச்சு நினைச்சு நான் இன்னைக்கும் ஆறல.

அதுக்கப்புறம் அத்தான் மேனேஜரோட மல்லுக்கட்டறதை விட்டுட்டாரு. கோடு வேணுமா, போட்டுக்கங்கன்னு குடுத்துட்டாரு. காட்சி திறந்துது, விர்ருனு கோடு ஓடிச்சு, ஜனங்க கை தட்டினாங்க, நான் டிக்கெட் கிழிச்சேன். நிஜமான காட்சியை மட்டும் தனியா எடுத்து வச்சிருந்தாரு. அதை அவ பாக்கணும், இருக்கறப்பவே பாக்கணும்னு ஒரே ஜபம். சொட்டு மருந்து போட்டும் அவ கண்ணுக்குத் தெரியற வட்டம் சுருங்கிகிட்டுத்தான் இருந்துது. மூணு வருஷமா அந்தக் காட்சியை அவளுக்காகவே சரிபண்ணிகிட்டிருந்தவரு, அவ அதை ஒரு தடவைகூட முழுசாப் பாத்ததே இல்லைங்கறதை அப்பத்தான் உணர்ந்தாரு. பாதியில நிறுத்தி நிறுத்தி விளக்கைத்தானே மாத்திகிட்டிருந்தாரு.

இப்ப அக்காவுக்கு அந்த வட்டமும் இல்ல. ஆபரேஷனும் பண்ணிப் பாத்தாச்சு. வெளிச்சம் வருது போகுதுன்னு மட்டும் தெரியும். அத்தான் வேலையை விட்டுட்டாரு. அவளைக் கையைப் பிடிச்சு ரோட்டைக் கடக்கறப்போ அவரோட நிதானத்தைப் பாத்து வண்டிக்காரங்க ஹாரன் அடிக்கறாங்க, அவர் சட்டை பண்றதில்ல. துணிக்கடைக்குப் போனா நிறத்தைச் சொல்லிகிட்டே வருவாரு. தப்பாத்தான் சொல்வாரு, அவருக்கு எல்லாம் நீலம்தான். எந்த நீலம்னு அக்கா கேப்பா, முழிப்பாரு. ஆனா நான் கடைசியாச் சொல்ல வந்தது, அந்த வட்டம் போறதுக்கு முன்னால நிஜமான காட்சியை அவளுக்குப் போட்டுக் காட்டின விடுமுறை நாளைப் பத்தித்தான்.

அன்னைக்கு மத்தியானம் நாங்க மூணு பேர் மட்டும் அரங்கத்துல இருந்தோம். அவளை உக்கார வச்சு, ரெண்டு கையாலயும் அவ முகத்தைப் பிடிச்சுப் புள்ளிக்கு நேரா திருப்பி வச்சாரு. இங்கயே பாரும்மா, கழுத்தைத் திருப்பாதேன்னாரு. மேல போய் ஓட விட்டுட்டு, கீழ இறங்கி வந்து பக்கத்துல உக்காந்தாரு. காட்சி ஓடறப்போ அவர் மேசையை விட்டு இறங்கி நான் பாத்ததே இல்ல.

கப்பல் கிளம்பிச்சு. கொஞ்ச நேரத்துல அக்கா, வருதுங்கன்னா. பக்கவாட்டுல இருந்த நட்சத்திரமெல்லாம் நகந்து நகந்து அவ வட்டத்துக்குள்ள வந்துகிட்டிருந்துது. வேகம் ஏற ஏற இன்னும் வந்துது. பின்னால இருந்ததெல்லாம் முன்பக்கமா வந்துது. அவளுக்குத் தெரியாம போன வானம் மொத்தமும், மூணு வருஷமா இவர் தேடின அத்தனை நட்சத்திரமும், அந்தச் சின்னத் தட்டுல வந்து குவிஞ்சுது. அக்கா நிறத்தைச் சொல்ல ஆரம்பிச்சா. இது வெளுத்த நீலம், இது இண்டிகோ, இது மில்லுல எங்களுக்கு வரவே வராத நீலம்னு அடுக்கிகிட்டே போனா. பின்னால இருந்ததும் வந்துடுச்சான்னு கேட்டா. எல்லாம் வந்துடுச்சும்மான்னாரு. அப்ப ஒண்ணும் குறையலைன்னா. நான் முந்தானையை வாயில திணிச்சுகிட்டேன்.

காட்சி எப்படி முடியணும்னு யாரும் யோசிக்கல. கப்பல் ஊர் திரும்பணும்ல, வேகம் குறைய ஆரம்பிச்சுது. எனக்குக் கூரை பூரா நட்சத்திரம் விரிஞ்சு நிறைஞ்சுகிட்டே வந்துது, அழகாத்தான் இருந்துது. அக்கா முகம் மாறிச்சு. ஒண்ணொண்ணா அவ வட்டத்தை விட்டு வெளிய போய்கிட்டிருந்துது.

"வேகத்தைக் குறைக்காதீங்க"ன்னா அக்கா.

அத்தான் எழுந்து ஓடினாரு. அந்த மனுஷன் ஓடி நான் பாத்தது அன்னைக்குத்தான். இருட்டுல படியில தடுக்கி, முட்டியை இடிச்சு, கையை ஊனி எழுந்து மேசைக்குப் போனாரு. அவர் போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் நின்னுடுச்சு. இரும்மா, முதல்லேர்ந்து போடறேன்னு மைக்குல சொன்னாரு. பட்டனை மாத்தி மாத்தி அழுத்தினாரு, அவருக்கு அது சீக்கிரம் வரல.

அக்கா சரிங்கன்னா. அவர் திருப்பி வச்ச இடத்துலேர்ந்து கழுத்தைக் கொஞ்சமும் அசைக்காம, புள்ளி இருக்கற பக்கமே பாத்துகிட்டு, அப்படியே உக்காந்திருந்தா.